றலிச் சைக்கிளின் முன் ஃபோர்க்: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

பழைய றலிச் சைக்கிளின் முன் ஃபோர்க், அதாவது முன் சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால் கவை, வளைந்துவிட்டால் அதை நிமிர்த்துவதா, ஒட்டுவதா, கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போடுவதா என்று கேட்டால், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் சந்திக்குச் சந்தி வேறு பதில் கிடைக்கும். எங்கள் வீட்டுச் சைக்கிளுக்காக அண்மையில் நானும் அப்படிக் கேட்டுத் திரிந்தேன். சொல்லப்பட்டவற்றில் எது சரி, எது ஆபத்து என்பது ஃபோர்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே தெளிவாயிற்று. அதே நிலையில் நிற்கும் வேறொருவருக்குப் பயன்படும் என்பதால், பார்த்ததையும் செய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சைக்கிள் பெரியப்பா பாவித்தது. 28 அங்குலச் சில்லு, கறுப்பு நிறம், வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிறேக், தலைக்குழாயில் கொக்குத் தலை பொறித்த தகடு என்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. விசுவமடுவுக்கு அப்பால், இரவு நேரத்தில், மருமகன் அதில் வந்தபோது நடுவீதியில் படுத்திருந்த மாட்டில் மோதிவிட்டான். பகல் வெயிலின் சூட்டைத் தார் வைத்திருப்பதால் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மாடுகள் வீதியிலேயே படுக்கும் என்பது அந்தப் பாதையில் இரவில் போய்வருபவர்களுக்குத் தெரியும். மருமகனுக்கு முழங்கை உரசலோடு போயிற்று. மாடு எழுந்து நடந்துவிட்டது. ஃபோர்க் மட்டும் பின்னோக்கி மடங்கி, முன் மட்காட் பிறேமின் கீழ்ப்பாரில் முட்டி நின்றது.

இப்படி மோதிய சைக்கிளில் கண்ணுக்குத் தெரிவது ஃபோர்க்கின் வளைவு என்றாலும், முதலில் பார்க்க வேண்டியது பிறேமைத்தான். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேற்பாரின் அடிப்புறத்தையும் கீழ்ப்பாரின் அடிப்புறத்தையும் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் குழாய் சிறிதளவு மடிந்திருந்தாலும் தோலில் தழும்பைத் தடவுவதைப் போல விரலுக்குத் தெரிந்துவிடும். பெயின்ற் குறுக்கே வெடித்திருந்தால் அதுவும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. பிறேம் அங்கே மடிந்துவிட்ட சைக்கிளுக்கு எவ்வளவு நல்ல ஃபோர்க் போட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். எங்கள் சைக்கிளில் இரண்டு குழாய்களும் வழவழவென்றே இருந்தன. முன்னோக்கி நன்றாக வளைந்த நீண்ட கால்களைக் கொண்ட இந்தப் பழைய ஃபோர்க், அடியின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொண்டது.

அடுத்ததாக, கோணல் சில்லிலா ஃபோர்க்கிலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். சில்லை ஃபோர்க்கில் மாட்டி, றிம்முக்கும் இரண்டு கால்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சில்லைக் கழற்றி, இடவலம் மாற்றித் திருப்பி மாட்டிப் பார்க்க வேண்டும். றிம் முன்பு இடப்பக்கம் சாய்ந்து நின்று, இப்போது வலப்பக்கம் சாய்ந்தால் குற்றம் சில்லினுடையது. திருப்பி மாட்டிய பிறகும் அதே பக்கத்திலேயே சாய்ந்தால் குற்றம் ஃபோர்க்கினுடையது. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையைச் செய்யாமல், நல்ல சில்லின் ஆரக்கம்பிகளை இழுத்துத் தளர்த்திச் சில்லையும் கெடுத்துவிடுகிற கடைகள் இருக்கின்றன.

ஃபோர்க்கைக் கழற்றுவது கடினமான வேலையன்று. பொறுமை வேண்டிய வேலை. முன் சில்லையும் மட்காட்டையும் எடுத்த பின், முன் பிறேக்கின் நெடுங்கம்பியைத் தளர்த்திப் பிறேக் கவையை விடுவிக்க வேண்டும். ஹாண்டிலின் நடுவேயுள்ள நீண்ட போல்ட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அதன் தலைமேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே இறுகியிருக்கும் கூம்பு விட்டு ஹாண்டில் மேலே வரும். போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டுத் தட்டினால் கூம்பு குழாய்க்குள் தனியே சிக்கிக்கொள்ளும். பிறகு மேல்நட்டு, விளக்குத் தாங்கி, மேற்கப் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கீழே ஒரு சாரத்தை விரித்துக்கொள்வது நல்லது. கப்புக்குள் உருளும் உருக்குக் குண்டுகளான போல்ஸ் சிதறி மணலில் விழுந்தால் தேடி எடுப்பது பெரும் பாடு.

கழற்றிய ஃபோர்க்கை மண்ணெண்ணெயில் கழுவியபோதுதான் உண்மையான சேதம் தெரிந்தது. இரண்டு கால்களும், தலைக்குழாய்க்குள் ஏறி ஹாண்டிலைப் பிடிக்கும் மேல்தண்டும் கூடுகிற தோளுக்கு நேர் மேலே, கீழ்ப் போல்ஸ் உருளும் கோன் உட்காரும் இடத்தில், மயிரிழை போன்ற ஒரு கோடு. கீறலா வெடிப்பா என்று கண்ணால் தீர்மானிக்க முடியவில்லை. இதற்குப் பழைய பட்டறைகளில் ஒரு முறை உண்டு. ஐயமான இடத்தில் மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் ஈரம் இல்லாமல் துடைத்து, அதன்மேல் வெண்கட்டித் தூளைப் பரவலாகத் தேய்க்க வேண்டும். வெறும் கீறலாக இருந்தால் தூள் வெள்ளையாகவே இருக்கும். வெடிப்பாக இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளின்மேல் ஈரக்கோடு ஒன்றை வரைந்துவிடும். எங்கள் ஃபோர்க்கில் அந்தக் கோடு தண்டின் முன்புறத்தில் வளைந்து, ஏறக்குறையக் கால்வாசிச் சுற்றுக்குப் போயிற்று. தண்டின் உட்புறத்தைக் கைவிளக்கால் பார்த்தபோது, அதே உயரத்தில் துரு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. மழைநீர் ஹாண்டில் வழியே இறங்கித் தங்கும் இடம் அதுதான். மாடு கடைசி அடியைத்தான் கொடுத்தது. துரு பல ஆண்டுகளாகவே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

நிமிர்த்தலாமா என்ற கேள்விக்கு வளைவு எங்கே இருக்கிறது என்பதே விடை. கால்கள் மட்டும் வளைந்திருந்தால், குழாய் மடியாமலும் வெடிக்காமலும் இருக்கும் வரைக்கும், சூடு காட்டாமல் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்திவிடலாம். அந்தக் காலத்து உருக்குக் குழாய் அதற்கு இணங்கும். கையை விட்டதும் சற்றுப் பின்வாங்கும் என்பதால் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் எந்த உருக்கும் களைத்து வெடிக்கும். ஆகவே ஒருமுறை நிமிர்த்தியது மறுமுறையும் வளைந்தால் மாற்றிவிட வேண்டும். மேல்தண்டு வளைந்திருந்தால், அல்லது தோளில் சேதம் இருந்தால், நிமிர்த்துவது என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் முடிவு. ஓடுகிறவரின் பாரமும் பிறேக் பிடிக்கும்போது எழும் விசையும் ஒன்றாகக் குவியும் இடம் அது. கால் வளைந்தால் சைக்கிள் கோணலாக ஓடும். தண்டு முறிந்தால் ஹாண்டில் கையோடு வந்துவிடும்.

ஆனாலும் ஒட்டித் தருகிறேன் என்று சொன்ன இடம் ஒன்று இருந்தது. வெல்டிங் கம்பியால் சுற்றிவர ஒரு ஒட்டு வைத்துக் கிரைண்டரால் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் புதிதுபோல இருக்கும் என்றார்கள். புதிதுபோலத்தான் இருக்கும். பழைய றலி ஃபோர்க்குகள் பித்தளை உருக்கி ஒட்டப்பட்டவை. ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் பித்தளை உருகி, குழாய்க்கும் தோளுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியில் ஊர்ந்து நிரம்பும்போது உருக்கு உருகுவதில்லை. மின்சார வெல்டிங் உருக்கையே உருக்குகிறது. மெல்லிய குழாயில் அது ஓட்டை போடும். ஒட்டின் ஓரத்தை உடையும் தன்மையுள்ளதாக்கும். பக்கத்திலிருக்கும் பித்தளை ஒட்டையும் கெடுக்கும். இழுவிசைக்குள் இருக்கும் சூடான உருக்கில் உருகிய பித்தளை ஊடுருவினால் புதிய வெடிப்புகளும் உண்டாகும். வளைந்த ஃபோர்க்கை காஸ் நெருப்பில் சிவக்கச் சூடாக்கி நிமிர்த்துவதும் அதே காரணத்தால் ஆபத்தானது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் முதியவர் ஒருவர் இன்னும் வீட்டு முற்றத்தில் சைக்கிள் திருத்துகிறார். ஃபோர்க்கைக் கையில் வாங்கி, வெண்கட்டிக் கோட்டை ஒரு தரம் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு ஒட்டு வைச்சால் ஒட்டுக் கூலியோட பல்லுக் கட்டுற கூலியையும் எடுத்து வையும்," என்றார்.

அவர் ஒட்டுக்கும் நிமிர்த்தலுக்கும் பொதுவாக எதிரானவர் அல்லர். பொருளாதாரத் தடை இருந்த 1990களில், வன்னியில் சைக்கிளே ஆம்புலன்சும் லொறியும் பஸ்சுமாக இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட நாட்களில், ஃபோர்க் நிமிர்த்தியே குடும்பம் நடத்தியவர். முற்றத்து வேம்பின் கவையில் கால்களைக் கொடுத்து, மரக்கட்டை அணைத்து, நீண்ட குழாயை நெம்புகோலாக மாட்டி அவர் நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். நிமிர்த்திய பின் தண்டின் நடுவிலிருந்து நூல் பிடித்து, இரண்டு கால் நுனிகளும் நூலுக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அப்படிப்பட்டவரே தண்டில் வெடிப்பு என்றதும் கையை எடுத்துவிட்டார் என்பதால், மாற்றுவது என்று தீர்மானித்தேன்.

மாற்றுவது என்றதும், நட்டு ஏறுவதற்காகத் தண்டில் வெட்டியிருக்கும் புரியின் சிக்கல் தொடங்குகிறது. கடையில் தொங்கும் ஃபோர்க் பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் பிரித்தானியச் சைக்கிள்களில் பொதுவாகப் பாவிக்கப்பட்ட தண்டு, ஓர் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் உடையது. நொட்டிங்காம் றலி ஆலை தன் வழக்கமாக அதே ஓர் அங்குல விட்டத்தில் 26 புரி வெட்டியது. ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி முன்னதில் 1.06 மில்லிமீற்றர் அளவு, பின்னதில் 0.98 மில்லிமீற்றர் அளவு. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் ஆறு சுற்றில் அரை மில்லிமீற்றராக வளர்ந்துவிடும்; அதனால் 24 புரி நட்டு 26 புரித் தண்டில் இரண்டு மூன்று சுற்று இதமாக ஏறி, பிறகு இறுகும். இறுகியது சரியாக இறுகியதே என்று நினைத்து ஸ்பானரால் அழுத்தினால் இரண்டின் புரியும் அழிந்துவிடும்.

இதை அறிய அளவுகோல் ஒன்றும் கொப்பித்தாள் ஒன்றும் போதும். தண்டின் புரிமேல் தாளைச் சுற்றி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் புரிகள் கோடுகளாகப் பதியும். அரை அங்குலத்துக்குள் 13 இடைவெளி இருந்தால் அது றலிப் புரி, 12 இருந்தால் மற்றது. தகட்டிலுள்ள பெயரை நம்ப வேண்டாம். 1932இல் ஹம்பரின் சைக்கிள் வியாபாரத்தையும் 1943இல் றட்ஜையும் றலி வாங்கிக்கொண்டது. 1960இல் பிலிப்ஸ், ஹேர்குலிஸ் ஆகியவற்றை வைத்திருந்த குழுமமும் றலியோடு இணைந்தது. ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு சைக்கிள்களில், செய்யப்பட்ட காலத்தைப் பொறுத்து, இரண்டு விதப் புரியும் இருக்கலாம். ஹம்பர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: அதன் புகழ்பெற்ற ஃபோர்க்கில் ஒவ்வொரு காலும் இரட்டை மெல்லிய குழாய்களால் ஆனது. பார்க்க அழகு. வளைந்தால் நிமிர்த்துவதும் மாற்றுத் தேடுவதும் பெரும் பாடு.

புதிய ஃபோர்க் ஒன்றை முழுக் கப், நட்டு, கோன் தொகுதியோடு வாங்கிப் போட முடியாதா என்றால், முடியும். வேலைக்குப் போய்வர மட்டும் சைக்கிள் வேண்டும் என்பவருக்கு அதையே சொல்வேன். ஆனால் அதிலும் சரிபார்க்க வேண்டியவை உண்டு. றலியின் முன் அச்சு உட்காரும் இடத்தில் கால்களின் இடைவெளி ஏறத்தாழ 91 மில்லிமீற்றர். இப்போது வரும் ஃபோர்க்குகள் பல 100 மில்லிமீற்றர் அகலமுள்ளவை. நட்டை இறுக்கினால் கால்கள் உள்நோக்கி இழுபடும். வாஷர் வைத்து நிரப்பலாம், அல்லது கால்களைச் சற்று உள்ளே வளைக்கலாம். கால்களின் முன்வளைவு குறைந்த ஃபோர்க்கைப் போட்டால் சில்லு பின்னுக்கு வந்து, திரும்பும்போது பாதம் மட்காட்டில் முட்டும். பள்ளத்தில் விழும்போது பழைய றலிக்கே உரிய மெத்தென்ற ஓட்டமும் போய்விடும். கிரவல் வீதிகளில் இது சிறிய விடயமன்று. நான் பழைய றலி ஃபோர்க் தேடப் போனதற்கு அழகைவிட இதுவே முதற்காரணம்.

தேடுவதும் முன்புபோல எளிதன்று. 2009இல் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால் பகுதிகளில் மக்கள் விட்டுச்சென்ற சைக்கிள்கள் வெட்டவெளியில் குவியலாகக் கிடந்தன. அவற்றில் பல மழையிலும் உப்புக்காற்றிலும் துருப்பிடித்துப் பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டன. மீளக்குடியேறிய வீடுகளில் கோடிப்புறத்திலும் கிணற்றடியிலும் இன்னும் சில பிறேம்கள் கிடக்கின்றன. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓர் அம்மாவின் வீட்டு வேலியில், படலைக்குப் பதிலாகச் சாத்தியிருந்த பிறேம் ஒன்றில் எனக்கு வேண்டிய ஃபோர்க் இருந்தது. தோளின் இருபுறமும் குரோம் பூசிய குமிழ் மூடிகள் இருந்ததால் தூரத்திலேயே றலி என்று அடையாளம் தெரிந்தது. "அதுக்கென்ன தம்பி, கழட்டிக்கொண்டு போங்கோ, எனக்கு வேலிக்கு ஏதாவது வேணும்," என்றார். நல்ல தகரப் படலை ஒன்று செய்து கொடுத்தேன்.

அதே தாள், பென்சில் சோதனையை அங்கேயே செய்தேன்: 13. தண்டை மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் கொண்டு சோதித்தேன். தூள் வெள்ளையாகவே நின்றது. உட்புறத்தில் துரு இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தபோது மேலாகப் படிந்ததே என்று தெரிந்தது. தண்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டியபோது எங்கும் தூக்கவில்லை. ஒரு காலின் நுனி மட்டும் சில மில்லிமீற்றர் வெளியே நின்றது; அதைப் புதுக்குடியிருப்பு ஐயாவின் வேம்பு பார்த்துக்கொண்டது.

தண்டின் நீளம்தான் அடுத்த கணக்கு. இந்த றலிகள் 22 அங்குலப் பிறேமிலும் 24 அங்குலப் பிறேமிலும் வந்தவை; உயரமான பிறேமின் தலைக்குழாய் நீளமானது என்பதால் சிறிய பிறேமின் ஃபோர்க் அதற்கு எட்டாது. எங்களுடையது 22, கிடைத்தது 24. நீளத்தை அறுத்துவிடலாம், ஆனால் புரி மேலிருந்து குறிப்பிட்ட தூரம்தான் வெட்டப்பட்டிருக்கும். அதிகமாக அறுத்தால் மேற்கப் இறங்குவதற்குப் புரி போதாது. 26 புரி வெட்டும் டை இந்தப் பக்கத்தில் யாரிடமும் நான் காணவில்லை. அறுக்குமுன் மேற்கப் எவ்வளவு கீழே இறங்கும் என்று பார்த்து, மிச்சத்துக்கு விளக்குத் தாங்கியோடு ஒரு தடித்த வாஷரும் வைத்து, எஞ்சியதை மட்டும் அறுத்தேன். அறுப்பதற்கு முன்பே மேல்நட்டைப் புரியில் ஏற்றி வெட்டும் இடத்துக்குக் கீழே விட்டுவிட வேண்டும். அறுத்த பின் அதைக் கழற்றும்போது வெட்டு முனையிலுள்ள பிசிறைத் தானே துடைத்துக்கொண்டு வரும். ஹாண்டிலின் கூம்பு புரி வெட்டிய பகுதிக்குள் விரியாமல், அதற்குக் கீழே தடித்த குழாய்க்குள் விரியும்படி ஹாண்டிலை ஆழமாக இறக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புரிக்குள் விரிந்தால் தண்டு அந்த இடத்திலேயே பிளக்கும்.

பூட்டும்போது பழைய கப்புகளையே போட்டேன். கீழ்க் கப்பில் குழிகள் விழுந்திருக்கவில்லை. குழி விழுந்த கப்பாக இருந்தால் ஹாண்டில் நேராக நிற்கும் இடத்தில் 'டக்'கென்று சிக்கும். அதற்கு கிறீஸ் மருந்தாகாது. போல்ஸ் மட்டும் புதியவை, 5/32 அங்குலம். பழையவற்றில் சில தேய்ந்தும் சில துருவோடும் இருந்தன. பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் பெரியவைதான் முழுப் பாரத்தையும் சுமக்கும். கப்பை கிறீஸால் நிரப்பி, போல்ஸை நெருக்கமாக அடுக்கி, ஒன்றை எடுத்துவிட்டால் அளவு சரி. மேற்கப்பை இறுக்கும்போது, முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் கையில் ஆட்டம் தெரியக் கூடாது. முன் சில்லைத் தூக்கிச் சற்றுச் சாய்த்தால் ஹாண்டில் தானாகத் திரும்பி விழ வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் மிகச் சிறியது. மேல்நட்டை இறுக்கும்போது அது மாறிவிடும் என்பதால் ஒரு ஸ்பானரால் கப்பைப் பிடித்துக்கொண்டே மற்றதால் நட்டை இறுக்க வேண்டும்.

கம்பிப் பிறேக்கை மீண்டும் ஒழுங்குபடுத்துவது கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறேக் கவையை நேராக வழிநடத்தும் சிறு தாங்கிகள் கால்களில் பூட்டப்படுபவை. அவை ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் ஒரு கட்டை முதலில் பிடித்து மற்றது வெறுமனே நிற்கும். பெயின்ற் விடயத்தில் நான் அவசரப்படவில்லை. துருவைத் தேய்த்து, றெட் ஒக்சைட் பூசி, கறுப்பு அடித்ததோடு விட்டேன். காலின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த பொன்னிறக் கோட்டைப் புதிதாக வரையச் சொன்னவர்கள் உண்டு. பிறேமில் உள்ள கோடே பாதி அழிந்திருக்கும்போது ஃபோர்க்கில் மட்டும் பளபளப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் பாரம் இல்லாமல் ஓடிப் பார்த்தேன். சில நாட்கள் கிரவல் வீதியில் ஓடிய பின் மேல்நட்டு சற்றுத் தளர்ந்தது. புதிதாகப் பூட்டிய எந்த ஃபோர்க்கிலும் இது நடக்கும், மறுபடி இறுக்கினால் போதும். அதன் பிறகே கரியரில் நெல் மூட்டை ஏற்றினேன். வெடித்த ஃபோர்க்கின் தண்டை இரண்டாக அறுத்துவிட்டேன். யாரும் எடுத்து ஒட்டி ஓடக் கூடாது என்பதற்காக. ஆனால் அதன் குமிழ் மூடிகள், கீழ்க் கோன் ஆகியவை நல்ல நிலையில் இருக்கின்றன. வேலிப் பிறேமிலிருந்து வந்த 26 புரி மேல்நட்டு ஒன்றும் மேற்கப் ஒன்றும் மிச்சமாக உள்ளன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் றலி வைத்திருக்கும் யாருக்காவது தேவையென்றால், தாளில் புரியைத் தேய்த்து எண்ணிவிட்டு வரட்டும். பொருந்தினால் எடுத்துக்கொண்டு போகலாம்.